ஒன்று என்றால் ஒன்றுதான்

தையல்காரர் கொல்லைப்புறத்தில் நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடா தரையைக் கூட்டிக்கொண்டே வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தாயிற்று, பழைய கதவுகள் சாத்தி வைத்திருந்த மூலையிலும் பார்த்தாயிற்று. கோழியைக் காணவில்லை.

"தரைக்கு என்ன தைக்கப் போறீங்க?" என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

மாடி வராந்தாவில் வீட்டுக்கார அம்மாள் நின்றிருந்தார். முப்பத்தைந்து வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் மாடியம்மா. டீச்சர் வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றாரே தவிர, குரல் இன்னும் வேலையில்தான் இருந்தது.

"ஒண்ணுமில்லைங்கம்மா. ஊசி விழுந்துடுச்சு."

"ஊசியைக் கொல்லையில வெச்சா தைக்கறீங்க?"

தையல்காரர் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு உள்ளே போனார். கோழியைக் காணோம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாடியம்மாவிடம் கோழி என்ற பேச்சை எடுப்பதே ஆபத்து. வாடகை ஒப்பந்தத்தை அவர் வக்கீலிடம் கொடுத்து எழுதுவதில்லை. தன் கையாலேயே, அழகான எழுத்தில், நம்பர் போட்டு எழுதுவார். மொத்தம் ஏழு நிபந்தனைகள். நாலாவது இது: 'கோழி ஒன்று மட்டும். ஒன்று என்றால் ஒன்றுதான்.' ஐந்தாவது: 'சேவல் கூடவே கூடாது.' பதினோரு மாதத்துக்கு ஒரு முறை புது ஒப்பந்தம். ஒரு நிபந்தனை பிசகினாலும் கையெழுத்துக் கிடையாது, வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

காலி செய்துவிட்டு எங்கே போவது? முன்னறைதான் தையல் கடை. பதினாறு வருஷமாக அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பின்னறையில் அவரும் அவர் மனைவியும். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையைப் பற்றி இருவரும் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். வீட்டில் மூன்றாவது ஜீவன் என்றால் அந்தச் செம்பழுப்புக் கோழிதான். அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர். மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒவ்வொரு தையலையும் பார்த்துவிட்டுத் திருப்தி இல்லாமல் நகர்ந்து போவதால் வந்த பெயர்.

அந்த சூப்பர்வைசர்தான் இரண்டு நாளாக ஆளே இல்லை. மத்தியானம் கால் மணி நேரம் எங்கிருந்தோ வரும், அவசர அவசரமாகக் கொத்தித் தின்னும், தண்ணீர் குடிக்கும், திரும்பிப் பார்ப்பதற்குள் மாயமாகிவிடும். முட்டையும் பத்துப் பன்னிரண்டு நாளாகக் கூடையில் இல்லை.

"என்னங்க, இங்க வாங்க. சத்தம் போடாதீங்க" என்று மனைவி கூப்பிட்டாள்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு மூட்டை கிடந்தது. வெட்டித் தள்ளிய துணித் துண்டுகளையெல்லாம் 'ஒரு நாள் மெத்தை தைக்கலாம்' என்று பதினாறு வருஷமாகத் தையல்காரர் சேர்த்து வைத்திருந்த மூட்டை. அதன் வாய்க்குள், கலர் கலரான துண்டுகளுக்கு நடுவில், சூப்பர்வைசர் தட்டையாக உட்கார்ந்திருந்தது.

"அடைக்கு உக்காந்துட்டா" என்றாள் மனைவி.

"எத்தனை முட்டை இருக்கும்?" என்று தையல்காரர் கையை விட்டார். அடுத்த நொடியே கையை உதறிக்கொண்டு வெளியே வந்தார். கட்டைவிரலில் ரத்தம். முப்பது வருஷத்தில் ஊசி செய்யாததைக் கோழி ஒரே கொத்தில் செய்துவிட்டது.

"உக்காந்து என்ன பிரயோஜனம்? சேவலே கிடையாதே. எந்தக் காலத்துல பொரியும்?" என்றார், விரலில் வெட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே.

மனைவி கொடியில் துணி உலர்த்தப் போனாள். உலர்த்திக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்: "பாவம்ங்க. ஒண்ணும் வரப்போறதில்லைன்னு தெரியாம எவ்வளவு நம்பிக்கையா உக்காந்திருக்கா. அவகிட்ட போய் யார் சொல்றது?"

அவள் குரல் கம்மியிருந்தது. தையல்காரர் வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினார். அதற்குள் மேலேயிருந்து, "ஈரத்துணி படிக்கட்டுல சொட்டுது பாருங்க" என்று மாடியம்மாவின் குரல் வந்தது. இருவரும் துணியை நகர்த்திப் போட்டார்கள்.

"மாடியம்மா பாத்துட்டா?" என்று மனைவி மெல்லக் கேட்டாள்.

"பாத்தா பாக்கட்டும். முட்டை எப்பிடிக் கோழியாகும்? இன்னிய தேதிக்குக் கோழி ஒண்ணுதான்" என்று தையல்காரர் சட்டம் பேசினார். சட்டம் பேசியபோதும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

அடுத்த நாலைந்து நாளில் மாடியம்மா கீழே வந்தார். கையில் வெள்ளைத் துணி ஒரு கட்டு. ஆள்காட்டி விரலில் ஒரு கட்டு.

"ஆறு தலையணை உறை தைக்கணும். அவசரமில்லை. ஒவ்வொண்ணாத் தைங்க, நானே வந்து வாங்கிக்கறேன்."

மாடியில் இருப்பது ஒரே தலை. ஆறு தலையணை எதற்கு என்று கேட்கத் தையல்காரருக்கு வாய் வரவில்லை. "கையில என்னங்கம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"அலமாரிக் கதவு இடிச்சுடுச்சு. உங்க கையில?"

"கத்திரிக்கோல்ங்கம்மா."

இருவரும் ஒருவர் விரலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போகிற போக்கில் மாடியம்மா நின்றார்.

"படிக்குக் கீழே என்ன மூட்டை அது?"

"வெட்டுத் துணிங்கம்மா. இன்னிக்கே எடுத்துடறேன்."

"வேண்டாம், வேண்டாம். அதை அசைக்காதீங்க. பூரான் கீரான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மாடியம்மா மேலே ஏறிப் போனார். தையல்காரர் பூரானுக்கு மனதார நன்றி சொன்னார்.

மூன்று வாரம் போனது. ஒரு காலையில் தையல்காரர் மெஷினை மிதித்தபோது கீச் என்று ஒரு சத்தம் கேட்டது. எண்ணெய் விட்டார். மறுபடியும் கீச். இன்னும் நாலு சொட்டு விட்டார். சக்கரத்துக்கு விட்டார், மிதிக்கட்டைக்கு விட்டார், எதற்கும் இருக்கட்டும் என்று நாற்காலிக்கும் விட்டார். கீச், கீச் என்று சத்தம் அதிகமானது. மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். நின்ற மெஷின் கீச்சிட்டது.

கணவனும் மனைவியும் படிக்கட்டுக்கு ஓடினார்கள். மூட்டையின் வாயில், சிவப்பும் நீலமுமான துண்டுகளுக்கிடையிலிருந்து மஞ்சள் தலைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணி மனைவி பத்தில் நிறுத்தினாள். சூப்பர்வைசர் இந்த முறை யாரையும் கொத்தவில்லை. தலையைச் சாய்த்து, 'இதுதான் தையல்' என்பதுபோல் தையல்காரரைப் பார்த்தது.

"சேவல் இல்லாம எப்படி?" என்றார் அவர்.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு என்ன தெரியும்? உங்களுக்குத் தெரியாததா?"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தையல்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவள்தான் எங்கோ போய் நல்ல முட்டையாக வாங்கி வந்து, தனக்குத் தெரியாமல் மாற்றி வைத்திருக்கிறாள். கேட்டால் வெட்கப்படுவாள். "சரி சரி, நான் ஒண்ணும் கேக்கலை" என்று விட்டுவிட்டார். மனைவியும் அதே முகத்தோடு, "நானும் ஒண்ணும் கேக்கலை" என்றாள். அன்றைக்கு முழுவதும் இருவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு அன்பான நாள் அந்த வீட்டில் வந்ததில்லை.

மறுநாள் மாடியம்மா கீழே இறங்கி வந்து ஜன்னல் வழியாகச் சொன்னார்: "ஒப்பந்தம் முடியுது. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வரேன். நிபந்தனையை ஒவ்வொண்ணாப் பாத்துட்டு அப்புறம்தான் கையெழுத்து."

ஒன்று என்றால் ஒன்றுதான் என்று எழுதிய டீச்சரிடம் பதினொன்றை எப்படிக் காட்டுவது?

முதல் காரியமாகக் குடும்பத்தைப் படிக்கட்டிலிருந்து கிளப்பினார்கள். மாடியம்மா ஏறி இறங்கும் வழியில் அது கூடாது. பெரிய கூடையில் வைத்து, முன்னறையில் துணி வெட்டும் மேஜைக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு திரையைத் தொங்கவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் காதுக்குக் கடை முழுவதும் குஞ்சாகிவிட்டது.

அதற்கும் தையல்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், மெஷினில் உட்கார்ந்து கடகடவென்று மிதிக்க ஆரம்பித்துவிடுவார். நூல் இருக்கிறதோ இல்லையோ, துணி இருக்கிறதோ இல்லையோ, மெஷின் ஓட வேண்டும். அந்த வாரம் பார்த்து மாடியம்மா ஒரு நாளைக்கு நாலு முறை இறங்கினார். கையில் ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். ஒரு தடவை பொத்தான் அறுந்தது, ஒரு தடவை மணி என்ன என்பது. அவர் வீட்டில் மூன்று கடிகாரங்கள் இருந்தன.

"வேவு பாக்கறாங்க" என்றார் தையல்காரர், முட்டியைத் தேய்த்துக்கொண்டே. மிதித்து மிதித்து முட்டி வீங்கியிருந்தது.

வியாழக்கிழமை மாடியம்மா ஒரு தலையணை உறையை நீட்டினார். "இதைப் பாருங்க."

பார்த்தார். நாலு பக்கமும் தைத்திருந்தது.

"தலையணை எந்த வழியா உள்ள போகும்?"

தையல்காரர் மெஷினை நிறுத்தாமலே, "பிரிச்சுத் தரேன்ங்கம்மா" என்று கத்தினார். பிரித்தார். அவசரத்தில் திரையோரம் விழுந்த உறையைப் பார்க்காமலே வாரி மடித்து மேஜைமேல் வைத்தார். மாடியம்மா அதை எடுத்துக்கொண்டு மேலே போனார். செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் மனைவி குனிந்து கூடையை எண்ணினாள்.

"என்னங்க, ஒன்பதுதான் இருக்கு."

மறுபடியும் எண்ணினார்கள். ஒன்பதேதான். குறுகுறுப்பான ஒரு குஞ்சு உண்டு, இறக்கையில் கரும்புள்ளி உள்ளது. கதகதப்பான இடம் கண்டால் நுழைந்துகொள்ளும். திரையோரம் விழுந்த உறை கதகதப்பாகத்தான் இருந்திருக்கும்.

தையல்காரர் இரண்டிரண்டு படியாக ஏறினார். மாடியம்மா கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"அந்த உறைங்கம்மா, ஓரம் அடிக்கலை. ஒரு நிமிஷம் குடுங்க."

மாடியம்மா உள்ளே போனார். நன்றாக ஐந்து நிமிஷம் ஆயிற்று. மடிப்புக் கலையாத உறையைக் கொண்டு வந்து இரண்டு கையாலும் நீட்டினார். "பாத்து எடுத்துட்டுப் போங்க. படியில ஓடாதீங்க" என்றார்.

கீழே வந்து பிரித்தபோது கரும்புள்ளிக் குஞ்சு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அலகில் நொய்யரிசி ஒன்று ஒட்டியிருந்தது.

"நல்லவேளை, அவங்க பிரிச்சே பாக்கலை" என்று தையல்காரர் பெருமூச்சு விட்டார்.

இனி வீட்டில் வைத்திருப்பது வம்பு என்று முடிவாயிற்று. நாலு தெரு தள்ளி பட்டன் கடைக்காரர் இருந்தார், நல்ல மனிதர், ஞாயிறு வரைக்கும் வைத்துக்கொள்ளமாட்டேன் என்று சொல்லமாட்டார். வெள்ளிக்கிழமை தையல்காரர் பத்துக் குஞ்சுகளையும் தைத்த துணி கொண்டு போகும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கோழியை வீட்டில் அடைத்துவிட்டு வந்ததாகத்தான் நினைத்தார். தெரு முனை திரும்பும்போது பின்னால் ஒரே கூச்சல். சூப்பர்வைசர் இறக்கையை விரித்துக்கொண்டு, நடுத்தெருவில், பையைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தது. அவர் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக நடந்தது. ஓடினால் பறந்தது. சலவைக்கடையில் ஒருவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்னண்ணே, கோழிகிட்ட கடன் கிடன் வாங்கிட்டீங்களா?" என்று ஒரு சைக்கிள் கேட்டுவிட்டுப் போனது.

பட்டன் கடை பூட்டியிருந்தது. தையல்காரர் திரும்பினார். கோழியும் திரும்பியது. வாசலில் மாடியம்மா நின்றிருந்தார்.

"கோழி ஏன் உங்க பின்னாலயே வருது?"

"பாசம்ங்கம்மா."

"பையில என்ன?"

"பட்டன்."

பை கீச் என்றது.

"புது பட்டனா?"

"ஆமாங்கம்மா. இறுக்கமா இருக்கும்."

மாடியம்மா சட்டென்று திரும்பி மாடி ஏறினார். ஏறும்போது அவர் தோள்கள் குலுங்கின. இவ்வளவு கோபம் அந்த அம்மாளுக்கு வந்து தையல்காரர் பார்த்ததில்லை.

வேறு வழி இல்லை. சனிக்கிழமை மளிகைக் கடையில் சொல்லி வைத்தார்: 'வாரா வாரம் முட்டை கொண்டு வர்ற முட்டைக்காரரை நாளைக்கு எட்டு மணிக்கு வெறுங்கூடையோட நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுங்க.' குஞ்சுகளைத் தனியாக அனுப்ப முடியாது. தாயையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். அதை மனைவியிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"மனசு வருதா உங்களுக்கு?" என்று அவள் கேட்டாள்.

"உனக்கு வருதா?"

கரும்புள்ளிக் குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தையல்காரர் அளவு நாடாவை எடுத்துக் காரணமில்லாமல் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். ஒரு மாதத்துக்கு முன்னால் கோழிக்குச் சொல்ல முடியாத சேதியை இப்போது அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டரை ஆயிற்று. முட்டைக்காரரைக் காணோம். ஒன்பது மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பத்து என்று சொன்னவர் ஒன்பதுக்கே வந்துவிட்டார். தையல்காரர் மெஷினில் விழுந்து மிதிக்கத் தொடங்கினார்.

மாடியம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஒப்பந்தக் காகிதத்தை மேஜைமேல் விரித்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"மெஷினை நிறுத்துங்க."

"அவசர வேலைங்கம்மா."

"ஊசியில நூலே இல்லை. நிறுத்துங்க."

நிறுத்தினார். அறை அமைதியானது. அந்த அமைதியில் மேஜைக்கு அடியிலிருந்து பத்துக் குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

தையல்காரர் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாமல் நின்றபோது கைகளை எங்கே வைத்துக்கொண்டாரோ, அங்கேயே வைத்துக்கொண்டார்.

"தப்புதான்ங்கம்மா. மறைச்சது என் தப்பு. கோழி ஒளிஞ்சு அடைகாத்துடுச்சு. இப்ப முட்டைக்காரர் வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுவார். தாயையும் சேத்து. ஒண்ணுகூட இருக்காது. வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லிடாதீங்க."

மாடியம்மாவின் முகம் வெளுத்தது. பேனா கையிலேயே நின்றுவிட்டது.

"எடுத்துட்டுப் போறதா? யாரைக் கேட்டு அனுப்பறீங்க?"

"நாலாவது நிபந்தனை இருக்கேங்கம்மா."

"நாலாவதை நான் இன்னும் எழுதவே இல்லையே."

தையல்காரர் எட்டிப் பார்த்தார். உண்மைதான். காகிதத்தில் நாலு என்ற நம்பருக்கு எதிரே வெறும் இடமாக இருந்தது. இனிமேல் கோழியே கூடாது என்று எழுதப் போகிறார் என்று அவருக்குப் பட்டது. மனைவி கதவோரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. வெறுங்கூடையோடு முட்டைக்காரர் உள்ளே வந்தார். அறையில் இருந்த மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்து மேஜைத் திரையைத் தூக்கினார், விரலை நீட்டி நிதானமாக எண்ணினார். பிறகு நிமிர்ந்து, மாடியம்மாவைப் பார்த்து, மனத்தாங்கலோடு சொன்னார்:

"பதினோரு முட்டை பொறுக்கிப் பொறுக்கி வாங்கிட்டுப் போய் நீங்களே கோழிக்கு அடியில வெச்சீங்க, பத்து பொரிச்சிருக்கு; மிச்சம் ஒண்ணு கூமுட்டையாப் போனதுக்கா, மாடியம்மா, என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டீங்க?"